எள்ளு போட்ட உருண்டைச் சோறு

அந்தக் கொரியாக்காரி என்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "யா!" என்பாள். அரிசி கழுவ வேண்டுமானாலும் "யா!", குப்பையை வெளியே கொட்ட வேண்டுமானாலும் "யா!". வீட்டில் என் மருமகள் அந்த அளவுக்குக்கூடக் கூப்பிடமாட்டாள். சுவரைப் பார்த்துக்கொண்டு "இந்தா" என்பாள். பகலில் ஒருத்தி, சாயங்காலத்தில் ஒருத்தி என்று இரண்டு பேரிடமும் நான் வாயைத் திறக்காமல் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே யாரையும் எதிர்த்துப் பேச வராது. மனசுக்குள் மட்டும் நன்றாகத் திட்டுவேன்.

இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் கார் கம்பெனி வந்து சில வருஷம் ஆகியிருந்தது. அங்கே வேலை பார்க்கும் கொரியாக்காரர்கள் தங்குவதற்கு எங்கள் ஊருக்கு வெளியே ஒரு பெரிய வீட்டை வாடகைக்கு எடுத்து மெஸ் நடத்தினார்கள். எங்கள் நிலம் அதற்கு முன்பே கம்பெனிகளுக்கென்று போய்விட்டது. என் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்துவிட்டார். மகனுக்கு ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை, ஷிப்டுக்குப் போவான். நிலம் போன பணத்தில் வீட்டுக்குப் பின்னால் வரிசையாக நாலு ரூம் கட்டி, திருநெல்வேலி, மதுரைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். கேஸ் அடுப்பு வாங்கியதும் மருமகள் என்னைச் சமையற்கட்டை விட்டு வெளியே தள்ளிவிட்டாள். "உனுக்கு இத்த பத்த வெக்கத் தெரியாது, வூட்டக் கொளுத்திடுவ" என்றாள். அதன் பிறகுதான் நான் மெஸ்ஸுக்குப் பாத்திரம் விளக்கப் போனேன்.

அங்கே சமைத்தவள் கொரியாவிலிருந்தே வந்தவள். என் வயசுதான் இருக்கும். குட்டையாக வெட்டிய சுருட்டை முடி, குட்டைக் கை. அந்தக் கையால் என் கையில் எத்தனை அடி வாங்கியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அரிசியை ஒருமுறை கழுவி வைத்தால் அடி. தண்ணீர் கொஞ்சம் கலங்கலாக இருந்தாலும் அதைக் கொட்டிவிட்டு மறுபடி கழுவச் சொல்வாள். அவர்கள் அரிசி நம் அரிசி மாதிரி இல்லை, குட்டையாக, குண்டாக, அவளைப் போலவே இருக்கும். கஞ்சி வடிக்கமாட்டார்கள். வெந்ததும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கும். முதல்நாள் பார்த்தபோது, பாவம், சோறு குழைந்துபோய்விட்டது, இன்றைக்கு இவளுக்கும் யாராவது அடி கொடுப்பார்கள் என்று நினைத்தேன். அவள் அதைத்தான் சிரித்துக்கொண்டு கிண்டினாள். நான் சோறு உதிரி உதிரியாக இருக்க வேண்டும் என்று அடி வாங்கிக் கற்றுக்கொண்டவள்.

ஷிப்டு விட்டு வரமுடியாத ஆட்களுக்கு அவள் உருண்டைச் சோறு கட்டி அனுப்புவாள். அந்தச் சோற்றில் உப்பு போட்டு, வறுத்த எள்ளில் ஆட்டிய கருஞ்சிவப்பு எண்ணெயை ஊற்றி, பொரிந்த வெள்ளை எள்ளைத் தூவி, கறுப்புத் தாள் மாதிரி ஒரு கடல்பாசியைத் தீயில் காட்டி நொறுக்கிப் போட்டுப் பிசைவாள். கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு முஷ்டிக்குள் வைத்து அமுக்கினால் ஒரு உருண்டை. அதற்கு அவர்கள் பாஷையில் ஒரு பேர் உண்டு, என் வாயில் வராது.

ஒருநாள் ஒரு உருண்டை சரியாக அமையாமல் பிளந்துகொண்டது. அதை என் வாய்க்கு நேரே நீட்டி "யா!" என்றாள். அவள் முகத்தில் அன்பு ஒன்றும் இல்லை, குப்பையில் போடுவதற்கு மனசில்லை, அவ்வளவுதான். நான் வாங்கித் தின்றேன். உப்பும் எள்ளும் கடல் வாசனையும் அந்தப் பிசுக்குச் சோறும் சேர்ந்து எனக்கு என்னவோ செய்துவிட்டது. காரம் இல்லை, புளி இல்லை, குழம்பு இல்லை. ஆனாலும் இன்னொன்று கிடைக்காதா என்று இருந்தது. அதன் பிறகு தினமும் ஒரு உருண்டையாவது பிளக்காதா என்று அவள் கையையே பார்த்துக்கொண்டிருப்பேன். நான் பார்ப்பது தெரிந்து, வேண்டுமென்றே இறுக்கி அமுக்குவாள். பிளந்த நாளில் எனக்குக் கொண்டாட்டம்.

ஒரு மழைக்காலத்தில் மெஸ்ஸை வேறு கான்ட்ராக்டர் எடுத்தார். கொரியாக்காரி ஊருக்குப் போய்விட்டாள், போகிறேன் என்றுகூட என்னிடம் சொல்லவில்லை. புதுசாக வந்தவர் தன் ஆட்களையே வைத்துக்கொண்டார். நான் வீட்டில் உட்கார்ந்தேன்.

அந்தச் சமயம் பார்த்து மகனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டுப் படுத்துவிட்டான். கண் இரண்டும் மஞ்சளாக இருந்தது. வீடு முழுக்கக் கீழாநெல்லி வாசனை. எண்ணெய் கூடாது, தாளிப்பு கூடாது, கவிச்சி வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது. அது நியாயம்தான். ஆனால் மருமகள் அவனுக்கு வைத்த உப்பில்லாத கஞ்சியையே எனக்கும் ஊற்றினாள். "தனித்தனியா பொங்க எனக்கு இன்னா நாலு கையா கீது?" என்றாள். அவள் மட்டும் முந்தானைக்குள் வைத்து டீக்கடை பஜ்ஜி கொண்டுவந்து தோட்டத்தில் நின்று தின்பாள். வாயைத் துடைத்துக்கொண்டு வருவாள். எண்ணெய் உதட்டில் மினுக்கும்.

அந்தக் கஞ்சியைக் குடிக்கக் குடிக்க எனக்கு உருண்டைச் சோற்றின் நினைவு வெறி மாதிரி வந்துவிட்டது. ஒரே ஒருமுறை என் கையால் செய்து, நான் மட்டும் தின்ன வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம்.

வீட்டுக்குப் பின்னால் வெந்நீர் காயவைக்கும் மண் அடுப்பு என் பொறுப்பில் இருந்தது. ரேஷன் அரிசியில் ஒருநாள் முயற்சி செய்தேன். புழுங்கலரிசி எப்படி ஒட்டும்? வடிக்காமல் குழைய விட்டுப் பார்த்தேன். கூழாகப் போனதே தவிர உருண்டை நிற்கவில்லை. கோழிக்குப் போட்டேன். மருமகள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "வேலையத்ததுங்க கையில அடுப்பு இருந்தா இப்பிடித்தான்" என்று யாரிடமோ சொல்வது மாதிரி சொன்னாள்.

பச்சரிசியாக இருந்தால் ஒட்டும் என்று தோன்றியது. எங்கள் வீட்டில் பொங்கலுக்கும் பலகார மாவுக்கும் விட்டால் பச்சரிசி வாங்குவது சாவுக் காரியத்துக்குத்தான். நான் அப்போது அதையெல்லாம் யோசிக்கவில்லை. கடைக்குப் போய்ப் பச்சரிசி கேட்டேன். எள்ளு கேட்டேன். வெள்ளை எள் இல்லை, கறுப்புதான் இருந்தது. அதையே கொடுங்கள் என்றேன். நல்லெண்ணெயும் கொஞ்சம்.

கடைக்காரர் பொட்டலம் மடித்துக்கொண்டே, "இன்னாம்மா, வூட்ல தெவசமா?" என்று கேட்டார்.

பக்கத்தில் நாலு பேர் நின்றிருந்தார்கள். கொரியாக்காரர்கள் சோறு செய்யப்போகிறேன் என்று அத்தனை பேருக்கு முன்னால் எப்படிச் சொல்வது? கூச்சத்தில் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் தலைக்குக் குளித்தேன். மெஸ்ஸில் ஏற்பட்ட பழக்கம், சுத்தம் இல்லாமல் அரிசியில் கை வைத்தால் அடி விழுமே. அரிசியை நாலைந்து தண்ணீரில் கழுவி, ஊறவைத்து, பழைய அலுமினியக் குண்டானில் அளவாகத் தண்ணீர் வைத்து மூடிப் பொங்கினேன். எள்ளை வெடிக்கும்வரை வறுத்து, பாதியை அம்மியில் ஒன்றிரண்டாக நசுக்கி நல்லெண்ணெயில் போட்டுச் சூடாக்கினேன். அந்தக் கருஞ்சிவப்பு எண்ணெயின் வாசனை முக்கால்வாசி வந்துவிட்டது. கடல்பாசிக்கு எங்கே போவது? என்னிடம் ஒரு டப்பாவில் சென்னாகூனி இருந்தது, அந்தப் பொடி இறால் கருவாடு. கவிச்சி வீட்டுக்குள் போகக்கூடாது என்று தோட்டத்தின் கோடியில் மூன்று கல் வைத்துத் தனியாக வறுத்துப் பொடி செய்துகொண்டு வந்தேன். நான் ஒன்றும் புத்தி கெட்டவள் இல்லை. மகன் உடம்பு எனக்கும் தெரியும்.

சோறு ஒட்டியது. கையை நனைத்துக்கொண்டு முஷ்டியில் வைத்து அமுக்கியபோது, அவள் அமுக்கிய மாதிரியே நின்றது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐந்தாறு உருண்டை பிடித்து, துவைக்கிற கல்லின் மேல் ஒரு துண்டு வாழை இலை போட்டு ஆற வைத்தேன். கூனி வாசனைக்குக் காக்கை ஒன்று வந்து மதில் மேல் உட்கார்ந்தது. கையை வீசி அதை விரட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் மருமகள் தண்ணீர்க் குடத்தோடு பின்பக்கம் வந்தாள். அவளோடு பேசிக்கொண்டே என் ஓரகத்தியும் வந்தாள், என் கொழுந்தன் பெண்டாட்டி, பக்கத்து வீடு. கடைக்காரர் சொன்னதைக் கேட்டுவிட்டுத்தான் விசாரிக்க வந்திருக்கிறாள்.

மருமகள் குடத்தைக் கீழே வைத்தாள். இலையைப் பார்த்தாள். என் ஈரத் தலையைப் பார்த்தாள். காக்கையைப் பார்த்தாள்.

"இன்னாது இது?"

"சோறு" என்றேன்.

"சோறுன்னு எனுக்குத் தெரியாதா? பச்சரிசில எள்ளப் போட்டு உருட்டி எலைல வெச்சிகினு, தலைய முழுவிட்டு, காக்காவ வேற கூப்புட்டுகினு கீற. யாருக்கு வெக்கிற? உள்ள ஒருத்தரு கண்ணெல்லாம் மஞ்சளா படுத்துகினு கீறாரு. அவரு போறதுக்கு முன்னாடியே வெச்சிப் பாக்கிறியா?"

அவள் சொன்ன பிறகுதான் எனக்கே கண் திறந்தது. கருமாதியன்று குளக்கரையில் வைக்கிற பிண்டம் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. வெள்ளை எள்ளாக இருந்திருந்தால்கூட அப்படித் தெரிந்திருக்காது.

ஓரகத்தி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "கடக்காரரு சொல்லசொல்ல நான் நம்பலக்கா. மாமாவுக்குத் தெவசம் தை மாசத்துலதான வரும், இப்போ எதுக்கு எங்கக்கா எள்ளு வாங்கினு போவுதுன்னு கேட்டேன். அந்தாளு, 'நான் கேட்டேன், ஆமான்னு தலையாட்டுச்சு'ன்றாரு."

"இது கொரியாக்காரங்க சோறு" என்றேன். "மெஸ்ல செய்வாங்க. நல்லாருக்கும்."

"ஆமா, அவங்க நம்ப நெலத்துக்கு வெச்சாங்க பிண்டம், இவ நம்ப வூட்டுக்கு வெக்கிறா" என்றாள் ஓரகத்தி. சொல்லிவிட்டுத் தான் சொன்னது நன்றாக இருந்ததென்று மருமகள் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

எனக்கு அப்போது ஒரு யோசனை வந்தது. ஜென்மத்தில் முதல்முறையாக அவர்களைப் பார்த்து நியாயம் பேசினேன். "இதுல கூனி போட்டுகீறேன். மோந்து பாரு. கருவாடு போட்டு யாராவது தெவசம் குடுப்பாங்களா?"

இரண்டு பேரும் குனிந்து மோந்து பார்த்தார்கள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"கூனியா!" என்று கத்தினாள் மருமகள். "அப்போ இது தெவசமே இல்ல. காட்டேரிக்கு வெக்கிற சோறு! ஐயோ, எம் புருசன சாவடிக்கப் பாக்கிறாளே!"

ஓரகத்தி வாயில் அடித்துக்கொண்டாள். ரூம்களில் நைட் ஷிப்டு முடிந்து தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் கதவைத் திறந்து பார்த்தார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் தலைகள் தெரிந்தன. எனக்கு முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

சத்தம் கேட்டு மகன் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான். நான் அவன் முகத்தையே பார்த்தேன். அவனுக்கு என்னைத் தெரியும், ஒரு வார்த்தை சொல்வான் என்று இருந்தேன்.

"ஏம்மா, ஒடம்பு சரியில்லாதப்போ இன்னாம்மா இதெல்லாம்?" என்றான்.

"நான் துண்றதுக்குப் பண்ணேன்டா."

"காக்காவுக்கு வெச்சிட்டு, நான் செஞ்சது தப்புன்னு சாமி முன்னாடி சூடம் கொளுத்திட்டு உள்ள வரச் சொல்லு" என்றாள் மருமகள், என்னிடம் பேசாமல் அவனிடம். "இல்லேன்னா இந்த வாசப்படிய அது மிதிக்கக் கூடாது. அது உள்ள வந்தா நான் இப்பவே குன்றத்தூருக்கு எங்கம்மா வூட்டுக்குப் போயிடறேன். நீயே கஞ்சி வெச்சிக் குடி."

மகன் என்னைப் பார்க்காமலே சொன்னான். "அவ சொல்றாப்ல செஞ்சிட்டு வந்துடும்மா. ஒரு சூடந்தான. சண்ட வாணாம்."

சூடம்தான். அவனுக்கு அது சூடம். நான் அந்த உருண்டையைக் காக்கைக்கு வைத்தால் அது பிண்டம் என்று ஒத்துக்கொண்ட மாதிரி. அப்புறம் அவனுக்கு ஒரு தும்மல் வந்தாலும், "அன்னிக்கு வெச்சாளே, அவளே ஒத்துக்கினாளே" என்று ஊரே சொல்லும். உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு எள்ளும் சோறும் வைத்த தாய் என்று நான் சாகிறவரைக்கும் அந்த வீட்டில் சோறு தின்ன வேண்டும். வைக்காவிட்டால் வாசப்படி இல்லை. இந்த இரண்டு வழிதான்.

காக்கை கல்லின் ஓரத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டது. எல்லாரும் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் ஒரு உருண்டையை எடுத்தேன். மருமகள், "ஆங், வெய்யி" என்றாள். நான் அதைக் கடித்தேன்.

"துன்றாளே!" என்று அலறினாள் ஓரகத்தி. "அக்கா, துப்பு! பிண்டத்தப் போயி துன்றியே, துப்பு!"

நான் துப்பவில்லை. மென்றேன். உண்மையைச் சொல்கிறேன், மெஸ்ஸில் தின்ற மாதிரி இல்லை. கறுப்பு எள் கசந்தது. கூனியில் மணல் இருந்தது, பல்லில் நறநறவென்றது. கடல்பாசியின் வாசனை வேறு, இது வேறு. ஆனால் சோறு ஒட்டியிருந்தது, உப்பு சரியாக இருந்தது. முதல் உருண்டையை முடித்துவிட்டு இரண்டாவதை எடுத்தேன். அத்தனை பேர் பார்க்க நின்றுகொண்டு நான் அதற்கு முன்னால் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. கல்யாணப் பந்தியில்கூடத் தலையைக் குனிந்துகொண்டு ஓரமாக உட்கார்ந்து தின்றவள். அன்றைக்குத் தலையை நிமிர்த்திக்கொண்டு, மருமகள் முகத்தைப் பார்த்துக்கொண்டே தின்றேன். குடத்திலிருந்து நானே தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு மறுபடி தின்றேன். காக்கைக்கு ஒரு பருக்கை விடவில்லை.

"பாத்தியா, பாத்தியா, எப்பிடி மொறச்சிகினே துண்ணுது பாரு" என்று மருமகள் மகனைப் பிடித்து உலுக்கினாள். அவன் அப்படியே வாசப்படியில் உட்கார்ந்துவிட்டான்.

இலையை மடித்து எருக்குழியில் போட்டேன். கையைக் கழுவினேன். வீட்டுக்குள் போகவில்லை. போகக்கூடாது என்று அவள் சொன்னதற்காக இல்லை, எனக்கே பிடிக்கவில்லை.

அன்றைக்கு மத்தியானமே என் பாயும் டிரங்குப் பெட்டியும் வெளியே வந்தன. குண்டான், அகப்பை, வாணலி, நான் தொட்ட சொம்பு, நான் தண்ணீர் மொண்ட குடம் எல்லாவற்றையும் தீட்டு என்று மருமகள் ஒவ்வொன்றாகத் தோட்டத்தில் எறிந்தாள். குடம் நல்ல குடம், பித்தளை, அவள் அம்மா வீட்டுச் சீர். ஆத்திரத்தில் அதையும் எறிந்துவிட்டாள். எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் மாமியாரும் மருமகளும் ஒத்துவராவிட்டால் தனி உலை வைத்துவிடுவார்கள், இருப்பது ஒரே வாசலானாலும். மதுரைப் பிள்ளைகள் காலி செய்துவிட்டுப் போன கடைசி ரூமை மகன் திறந்துவிட்டான். "கொஞ்ச நாளைக்குத்தாம்மா" என்றான். அவள் எறிந்த பாத்திரங்களை வைத்துத்தான் நான் குடித்தனம் ஆரம்பித்தேன்.

குடத்தைத் திருப்பிக் கேட்டு ஓரகத்தியைத் தூது விட்டாள். "தீட்டு" என்று ஒரே வார்த்தை சொல்லி அனுப்பினேன்.

மகனுக்கு மஞ்சள் இறங்கியது. மருமகள் குன்றத்தூர் மலைக்குப் போய் அவனை மொட்டை போட வைத்து, தன் வேண்டுதலால்தான் பிழைத்தான் என்றாள். ஓரகத்தி வேறு கதை சொல்லிக்கொண்டு திரிந்தாள், மகனுக்கு வந்ததை நான் தின்று என்மேல் வாங்கிக்கொண்டேனாம். அதை நம்பி என் வாசலில் விழுந்து கும்பிட வந்த ஒருத்தியை நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு விரட்டினேன். நான் யாருக்காகவும் தின்னவில்லை.

மொட்டைத் தலையோடு முதல்நாள் ஷிப்டுக்குப் போகும்போது மகன் என் ரூம் வாசலில் வந்து நின்றான். அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்தது.

"இன்னாம்மா பண்ற?"

"சோறு பொங்கறேன்."

"நல்லா வாசன வருது" என்றான். உள்ளே எட்டிப் பார்த்தான். வீட்டில் இன்னும் அவனுக்குப் பத்தியக் கஞ்சிதான் என்று எனக்குத் தெரியும். உட்கார் என்று சொல்லியிருந்தால் உட்கார்ந்திருப்பான். நான் குண்டானை மூடி வைத்தேன்.

ரோட்டில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. இன்னும் கொஞ்சம் நின்றான். இரண்டாவது ஹாரனுக்கு டிபன் பாக்ஸைக் கை மாற்றிக்கொண்டு ஓடினான்.